இருநூற்றுப் பதினான்கு கோடுகள்

நிலையத்துக்கு ஒரு நாவல் தேவைப்பட்டது. நுண்ணோக்கி தேவைப்பட்டால் விண்ணப்பம் போட்டுவிட்டு ஏழு வருஷம் காத்திருக்கிற ஆராய்ச்சி நிலையம் அது; ஆனால் நாவல் உடனே வேண்டும் என்றார்கள். நிலையத்தை நிறுவிய டாக்டரம்மாவுக்கு நூற்றாண்டு வருகிறது. சிலை ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு சிலை வைத்தால் பழைய சிலைக்கு என்ன கேடு என்று மேலிடத்தில் கேட்பார்கள். ஆகவே அம்மையாரின் வாழ்க்கையை ஒரு நாவலாக எழுதி வெளியிடுவது என்று ஆட்சிக்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

எழுதுவதற்குப் பதினான்கு பேராசிரியர்களைக் கொண்டு ஒரு நாவல் ஆக்கக் குழு அமைத்தார்கள். குழு மூன்று வருஷம் கூடிக் கூடிப் பேசியது. முதல் வருஷம் நாவல் என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை கண்டார்கள். இரண்டாம் வருஷம் அந்த வரையறையை மறுத்தார்கள். மூன்றாம் வருஷம் முதல் வாக்கியம் பிறந்தது: "டாக்டரம்மா பிறந்தார்." அதை எட்டுப் பேர் ஏற்றுக்கொண்டார்கள், நான்கு பேர் எதிர்த்தார்கள், இரண்டு பேர் தரவு போதாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் கீழ்த்தளத்தில் குடுவை கழுவுகிற பெண்மணி நாவலை எழுதியே முடித்துவிட்டாள்.

குடுவையக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில் டாக்டரம்மாவின் ஆய்வுக்கூடத்துக்குக் குடுவை கழுவ வந்தவள். இப்போது ஐம்பத்தொன்பது, இந்த வருஷக் கடைசியில் ஓய்வு. அவள் அறையில் இரண்டு கல்தொட்டிகள், ஒரு வெந்நீர்க் குழாய், குடுவைகளைக் கவிழ்க்கச் சுவர் நெடுகக் கட்டைகள் அடித்த பலகை. நீர் வடிந்ததும் குடுவைகளைச் சூட்டுப்பெட்டியில் வைத்தால் உலர நாற்பது நிமிஷம் பிடிக்கும். அந்த நாற்பது நிமிஷத்தில் மற்றவர்கள் தேநீர் குடித்தார்கள், அக்கா எழுதினாள். உடைந்த சாமான்களைப் பதிகிற பழைய ஏடுகளின் பின்பக்கங்களில், ஆறு வருஷம்.

நிலையத்தில் வேலை செய்கிறவர் விடுப்புக் கடிதத்தைவிட நீளமாக எதை எழுதினாலும் முன்னனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அக்கா விதிக்குக் கட்டுப்பட்டவள். கட்டாகக் கட்டிப் பதிவாளர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

நான்காம் நாள் பதிவாளர் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். பதினெட்டு வருஷப் பணியில் அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. வழி தெரியாமல் குளிர்பதன அறைக்குள் போய்ப் பல் கிட்டித்த பிறகே சரியான கதவைக் கண்டுபிடித்தார்.

"இதை உங்களுக்கு யாரும்மா எழுதிக் குடுத்தது?"

"நாந்தாங்க எழுதினேன்."

"அது சரி. யார் சொல்லச் சொல்ல எழுதினீங்க?"

"யாரும் சொல்லலீங்க."

"எடுத்தா கீழ வைக்க முடியல" என்றார் பதிவாளர், குற்றம் சாட்டுகிற குரலில். "என் வீட்டம்மா படிச்சுட்டு அழுதாங்க. அதான் சந்தேகமா இருக்கு."

அவள் என்ன எழுதியிருந்தாள் என்று சொல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து புரியாது. நாவலின் உயிர் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தது.

டாக்டரம்மா பூஞ்சணத்தை ஆராய்ந்தவர். பயிரை அழிக்கிற ஒரு பூஞ்சணம், நிலையத்துக் கிணற்று நீர் ஊற்றிய குடுவைகளில் மட்டும் வளர மறுத்தது. கிணற்றில் ஏதோ மருந்து இருக்கிறது என்றார் அவர். பதினொரு வருஷம் அந்த மருந்தைத் தேடினார். எங்கெங்கிருந்தோ பெரிய மனிதர்கள் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிலையத்தின் சின்னமே கிணறு ஆயிற்று.

அந்தக் குடுவைகளைக் கிணற்று நீரிலேயே இடது தொட்டியில் கழுவுவது வழக்கம். மற்றவை வலது தொட்டியில், வெந்நீரில். அக்கா வேலைக்குச் சேர்ந்த வருஷம், சாமான் அறை அதிகாரி விடுப்பில் போய்விட்டதால் கையெழுத்து இல்லாமல் ஒரு மாதம் சோப்பு வரவில்லை. அக்கா எல்லாவற்றையும் வெறும் வெந்நீரில் தேய்த்துக் கழுவினாள். அந்த மாதம் கிணற்று நீரில் பூஞ்சணம் அமோகமாக விளைந்தது. குடுவை கெட்டுவிட்டது, கொட்டிவிடு என்றார்கள் உதவியாளர்கள். அவள் கொட்டவில்லை. இரண்டு குடுவைகளைத் தூக்கிக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனாள். "அம்மா, விஷயம் தண்ணியில இல்ல போல. நாங்க போடுற சோப்புல இருக்கு. கிணத்துத் தண்ணியில எத்தனை அலசினாலும் வழவழப்புப் போகமாட்டேங்குது."

டாக்டரம்மா ஆறு மாதம் சோதித்துப் பார்த்தார். பிறகு ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "இந்தக் கிணத்துல ஒண்ணும் இல்ல. பதினொரு வருஷமா நான் சொன்னது தப்பு. அது சோப்பு. கண்டுபிடிச்சது நான் இல்ல, என் குடுவைகளைக் கழுவுற பொண்ணு." சொல்லிவிட்டுத் தன் குறிப்பேட்டை விரித்து, பதினொரு வருஷ முடிவின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் காலை, அறுபதாவது வயதில், முதலிலிருந்து ஆரம்பித்தார். சோப்பு எப்படிப் பூஞ்சணத்தின் தோலைக் கரைக்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் உலகம் இன்று அவர் பெயரைச் சொல்கிற கண்டுபிடிப்பு வந்தது.

நிலையத்தின் முதல் விதியும் அன்று பிறந்ததுதான். இன்றும் ஒவ்வொரு அறையிலும் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது: "எதையும் அழிக்காதே. பிழையின் மேல் ஒற்றைக் கோடு மட்டும். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். ஓரத்தில் கையெழுத்து. பிழைக்குப் பொறுப்பு கையெழுத்திட்டவரே." விதி தொங்கியது, அது எப்படி வந்தது என்பது மட்டும் மறைந்துவிட்டது. அந்த வருஷ அறிக்கையில் "கூட்டம் இனிதே நடைபெற்றது" என்று இருக்கிறது. குறிப்பேடு கண்ணாடிப் பெட்டிக்குள், வேறொரு பக்கம் திறந்தபடி இருக்கிறது. கிணறு வற்றிப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஒவ்வொரு நிறுவனர் நாளுக்கும் முன்னதாக லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், இயக்குநர் பயபக்தியோடு ஒரு வாளி சேந்துகிறார்.

டாக்டரம்மா செய்த காரியங்களிலேயே பெரியது எழுந்து நின்று தப்பு என்று சொன்னதுதான் என்பது அக்காவின் எண்ணம். அந்த நாளைக் கண்ணால் பார்த்தவர்களில் நிலையத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்தி. ஓய்வு பெற்றுப் போய்விட்டால் அதைச் சொல்ல ஆள் இல்லை. அதற்காகத்தான் ஆறு வருஷம் எழுதினாள்.

பதினான்கு பேர் குழு இப்போது மூன்று பேர் சரிபார்ப்புக் குழுவாகச் சுருங்கியது: இயக்குநர், பதிவாளர், புள்ளியியல் பேராசிரியர். மூன்றாம் மாடியில் கூட்டம். அவர்களுக்குக் கைவைத்த நாற்காலிகள். அக்காவின் பதவிக்கு அந்த மாடியில் இருக்கை ஒதுக்கீடு இல்லை என்பதால், கழுவுகிற அறை முக்காலியை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

"பக்கம் பதினாலு" என்றார் புள்ளியியல் பேராசிரியர். "'டாக்டரம்மா சிரித்தார்.' எத்தனை தடவை?"

"ஒரு தடவைங்க."

"ஒரு தடவையை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாதே. குறைஞ்சது முப்பது தடவை சிரிச்சிருக்கணும்."

"முப்பது தடவை சிரிக்கிற அளவுக்கு அந்த ஜோக் நல்லா இல்லீங்க."

குறித்துக்கொண்டார்கள். "பக்கம் இருபத்தேழு. 'அன்று மழை பெய்தது.' வானிலை அலுவலகத்துல கேட்டோம். அன்னிக்குப் பதிவானது ரெண்டு மில்லிமீட்டர். இதை மழைன்னு சொல்லலாமா?"

"நாங்க நனைஞ்சோங்க."

"எவ்வளவு?"

"தலை துவட்டிக்கிற அளவுக்கு."

மழை என்பதை அடித்து 'அளவிடத்தக்க ஈரம்' என்று போட்டார்கள். 'டாக்டரம்மா வேகமாக நடந்தார்' என்ற இடத்தில் வேகம் எவ்வளவு என்று கேட்டார்கள். 'அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது' என்ற வரிக்கு உடற்கூறியல் துறையிடம் கருத்துக் கேட்டு எழுதப்பட்டது. அப்படி ஒரு சுரப்பி அந்த இடத்தில் இல்லை என்று பதில் வந்தது.

இரண்டாம் கூட்டத்தில் படிக்கட்டு விவகாரம். சோப்புதான் என்று தெரிந்த அன்று டாக்டரம்மா பின்படிக்கட்டில் ஏழாம் படியில் ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்து அழுதார் என்று அக்கா எழுதியிருந்தாள். மறுபடி செய்து பார்க்க முடியாத எதையும் நிலையம் ஏற்காது என்பதால், குழு அந்த அழுகையைச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தது.

"முப்பத்திரண்டு பேரை அதே படியில, அதே நேரத்துல, ஆறிப்போன தேநீரோட உட்கார வச்சோம்" என்று பேராசிரியர் வரைபடத்தை விரித்தார். "இருபத்தொன்பது பேர் அழல. மூணு பேர் அழுதாங்க. அந்த மூணு பேரும் ஆராய்ச்சி மாணவர்கள், உட்கார்றதுக்கு முன்னாடியே அழுதுட்டுதான் இருந்தாங்க. அதனால கணக்குல சேர்க்கல. ஆக, அந்தப் படிக்கட்டு அழுகையை உண்டாக்காது."

"படிக்கட்டால அழலீங்க. பதினொரு வருஷம் போச்சேன்னு அழுதாங்க."

"அதைச் சோதிக்கப் பதினொரு வருஷம் ஆகும்" என்றார் பேராசிரியர். "நிதி கேட்டு எழுதலாம்."

அக்கா முக்காலியில் உட்கார்ந்து அவர்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. நமக்குத்தான் மூளை கலங்கிவிட்டதோ என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. நாற்பது வருஷமாக இவர்கள் குடுவைகளையா கழுவிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

மூன்றாம் கூட்டத்தில் ஒன்பதாம் அத்தியாயம் வந்தது. இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கனிவாகப் பேசக்கூடியவர், கனிவு கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"பாருங்கம்மா. டாக்டரம்மா தப்பு பண்ணினாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஒரு மேதை தப்பு பண்ண முடியாது. பண்ணினா அவங்க மேதை இல்ல. அவங்க மேதை இல்லன்னா இந்த நிலையம் இல்ல. நிலையம் இல்லன்னா நான் இயக்குநர் இல்ல. சொல்லுங்க, நான் இயக்குநரா இல்லையா?"

"இயக்குநர்தாங்க."

"அப்போ அவங்க தப்பு பண்ணல. நிரூபணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு" என்றார் புள்ளியியல் பேராசிரியர்.

"அப்போ அந்தப் பதினொரு வருஷம்?" என்று கேட்டாள் அக்கா.

"அது ஒரு நீண்ட ஒப்பீட்டுச் சோதனை. கிணத்துல ஒண்ணும் இல்லன்னு அவங்களுக்கு முதல் நாளே தெரியும். இருந்தாலும் உறுதிப்படுத்திக்கிட்டாங்க." இயக்குநர் ஏட்டைத் திருப்பினார். "அடுத்தது, இந்தக் குடுவை கழுவுற பொண்ணு. நாங்க உங்களை நீக்கச் சொல்லலம்மா. கொஞ்சம் மாத்தலாம்னு. உங்களுக்குப் பதிலா ஒரு எலி இருந்தா? வெள்ளை எலி. தவறுதலா சோப்புக் கட்டியைத் தட்டிவிடுது. அம்மையார் கண்ல பொறி தட்டுது. வாசகர்கள் மனசுல நிக்கும்."

அக்காவுக்கு உச்சந்தலை சுர்ரென்று சூடேறியது. "நான் எலி இல்லீங்க."

"எலின்னா கேவலம்னு நினைக்காதீங்க. நம்ம நிலையத்துல எலிகளுக்குத் தனிக் கட்டடமே இருக்கு."

"அம்மா கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னாங்க. நான் கதவோரம் நின்னு கேட்டேன்."

"கதவோரம் நின்னது நீங்க. சொல்லப்பட்டது உங்களைப் பத்தி. சொல்றதும் நீங்க. சம்பந்தப்பட்டவர் சாட்சியா இருக்க முடியாது."

"குறிப்பேட்டுல இருக்குங்க. பெட்டியைத் திறந்து பாருங்களேன். ரெண்டு நிமிஷ வேலை."

பதிவாளர் பதறிப்போனார். "பெட்டிக்குள்ள இருக்கிறது அம்மையார் காலத்துக் காத்தும்மா. திறந்தா போயிடும்."

"அம்மா செஞ்சதுலயே பெரிய காரியத்தை எடுத்துட்டு யாருக்காக இந்த நாவலைப் போடுறீங்க? எனக்கு இது வேண்டாம். என் ஏட்டைக் குடுத்துடுங்க."

ஏட்டைத் திருப்பித் தர முடியாதாம். நிலையத்துத் தாளில் எழுதியது நிலையத்துச் சொத்து. அக்கா எழுந்து நின்றாள். அவள் நிற்க நிற்கவே அவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

"மையைக் கொட்டி அழிக்கிறதுக்கு நாம என்ன காட்டுமிராண்டிகளா?" என்றார் இயக்குநர். "விஞ்ஞானிகள். நம்ம விதிப்படியே செய்வோம்." பதிவாளர் ஸ்கேலை வைத்தார். ஒற்றைக் கோடு, அடியில் படிக்கத் தெரிந்தது. ஓரத்தில் மூன்று பேரும் கையெழுத்திட்டுத் தேதி போட்டார்கள். அடுத்த வரிக்கு ஸ்கேல் நகர்ந்தது. இப்படியே இரண்டு நாள். ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் போயிற்று. மற்ற அத்தியாயங்களில் சோப்பு என்ற சொல் வந்த இடமெல்லாம் போயிற்று. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, டாக்டரம்மா குளிக்கப் போன ஒரு வரியும் போயிற்று. இருநூற்றுப் பதிமூன்று கோடுகள் ஆயின. இருநூற்றுப் பதினான்காவது கோடு முதல் பக்கத்தில், ஆசிரியர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் மேல் விழுந்தது. அதற்குக் கீழே 'நாவல் ஆக்கக் குழு' என்று அழகாக எழுதினார்கள்.

"ஒரு கோடு கூட வளையல" என்றார் பதிவாளர், நிமிர்ந்து முதுகை நீவிக்கொண்டு.

அனுமதிச் சான்றிதழும் தயாரானது. "திருத்தப்பட்ட பிரதியில் உள்ளவாறே, ஒரு புள்ளியோ ஒரு கோடோ கூடாமலும் குறையாமலும் அச்சிடப்பட வேண்டும். மீறினால் கடும் நடவடிக்கை." அக்கா தன் சொந்த வரிகளை நுழைத்துவிடுவாளோ என்ற பயத்தில் இயக்குநர் தன் கையாலேயே சேர்த்த வாக்கியம் அது.

நிலையத்து அறிக்கைகள் எல்லாம் அச்சாகிற அச்சகத்தில்தான் அக்காவின் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகப் பக்கம் கட்டுகிறார். பிரதியை அவரிடம் சேர்க்கச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"என்னை எலியாக்கப் பார்த்தாங்க" என்றாள்.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். அவர் வேலையில் வாசிப்பது கிடையாது, பார்ப்பது மட்டும்தான். வந்த தாளில் என்ன இருக்கிறதோ அது அச்சில் இருக்கும். ஒரு தடவை ஒரு கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பா பென்சிலால் போட்டிருந்த கேள்விக்குறியையும் சேர்த்து ஐந்நூறு பிரதி அடித்துக் கொடுத்தவர். கல்யாணம் நடந்தது, மாமனாரும் மருமகனும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

"இந்தக் கோடெல்லாம் என்ன?"

"அடிச்சிட்டாங்க. அதெல்லாம் வராது. விட்டுட்டு மீதியைப் போடுங்க."

"யார் சொன்னது வராதுன்னு?" சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஒரு கோடு கூடக் குறையக் கூடாதுன்னுல்ல இருக்கு. கோடு இருந்தா, கோட்டுக்கு அடியில இருக்கிறதும் இருக்கணும். இல்லன்னா எதுமேல கோட்டைப் போடுறது? அந்தரத்துலயா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அவளுக்கு நிலையத்துச் சுவரில் தொங்குகிற விதி வரிவரியாக ஞாபகம் வந்தது. கடைசி வரி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, கையெழுத்தும் வருமா?"

"தாள்ல இருக்கே. வராம?"

"தேதி?"

"அதுவும்தான்."

குழப்பத்தில் நடந்த தவறு என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அக்கா நினைத்தாள். மறுநாள் பதிவாளருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினாள்: பிரதியில் உள்ள கோடுகளையும் ஓரத்துக் கையெழுத்துகளையும் அச்சில் விட்டுவிடலாமா? பதிவாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "இயக்குநர் கையெழுத்தையா எடுக்கணும்கிறீங்க? என்ன தைரியம்?" அன்று மாலையே எழுத்தில் பதில் வந்தது. ஒரு கையெழுத்துக் கூட விடுபடக் கூடாது. விடுபட்டால் அது அலுவலக அவமதிப்பு.

அச்சுக்கு முன் பார்த்து ஒப்புதல் தரும்படி அச்சகம் மாதிரிப் பக்கங்களை அனுப்பியது. கட்டுப் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. ஒரு முறை குழு அங்கீகரித்ததை மீண்டும் படிப்பது குழுவின்மேல் சந்தேகப்படுவதாகும் என்று மேலே ஒரு சீட்டு.

நிறுவனர் நாளன்று காலை லாரி வந்து கிணற்றை நிரப்பியது. இயக்குநர் ஒரு வாளி சேந்தினார். பிறகு எல்லோரும் அரங்கத்துக்குப் போனார்கள். சிறப்பு விருந்தினர் டாக்டரம்மாவின் முதல் மாணவி. எழுபது வயதை எட்டியவர், தொலைவில் வேறொரு நிலையத்தின் தலைவி. அழைப்பிதழில் அக்காவின் பெயர் இல்லை. தேநீர்க் கோப்பைகளைக் கழுவுவதற்காக அவளை அரங்கத்தின் பின்வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்காரரும் புத்தகக் கட்டுகளை இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

இயக்குநர் பேசினார். "இந்த நாவலில் ஒரு சொல் கூட எங்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் பொறுப்பேற்கிறோம்" என்றார். கைதட்டினார்கள். பட்டு நாடாவை அவிழ்த்து முதல் பிரதியை விருந்தினரிடம் கொடுத்தார். மற்ற பிரதிகள் வரிசை வரிசையாகக் கைமாறின.

விருந்தினர் முதல் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நடுவில் எங்கோ திறந்தார். அரங்கத்தில் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. கோடு போடாத வரியை யாரும் படிக்கவில்லை. மனித சுபாவம் அது. அடித்த இடத்தில் என்ன இருக்கிறது என்றுதான் கண் போகும்.

"நான் ஒரு பகுதியை வாசிக்கிறேன்" என்று விருந்தினர் ஒலிபெருக்கியின் முன் வந்தார். "'இந்தக் கிணத்துல ஒண்ணும் இல்ல. பதினொரு வருஷமா நான் சொன்னது தப்பு.'"

"அம்மா, அது அடிச்சது" என்று இயக்குநர் பாய்ந்து எழுந்தார். "அடிச்சதைப் படிக்கக் கூடாது."

விருந்தினர் விரலால் சுவரைக் காட்டினார். மேடைக்குப் பின்னால் ஆளுயரச் சட்டத்தில் விதி தொங்கியது. "படிக்கத் தெரியணும்னுல்ல அங்க எழுதியிருக்கு?" என்றார். "அதோட, அன்னிக்கு நான் மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருபத்தெட்டு... இல்ல, முப்பது வயசு. அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் இந்தத் தொழில்ல இருக்கேன்." பிறகு புத்தகத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து வாசித்தார்: "'கண்டுபிடிச்சது நான் இல்ல, என் குடுவைகளைக் கழுவுற பொண்ணு.' அந்தப் பொண்ணு எங்க?"

அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அக்காவின் கையில் கோப்பைத் துணி இருந்தது. வீட்டுக்காரர் அதை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

இயக்குநரின் கனிவெல்லாம் போன இடம் தெரியவில்லை. பதிவாளர் அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். "நான்தான் விடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேன்" என்பது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. புள்ளியியல் பேராசிரியர் கதவு எத்தனை அடி தூரம் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"இது யார் செஞ்ச தப்பு?" என்று இயக்குநர் மேடையிலிருந்து கத்தினார். "இருநூறு இடத்துல! யார் செஞ்ச தப்பு இது?"

அக்கா நடுவழியில் நடந்து முன்னால் வந்தாள்.

"இருநூத்திப் பதினாலுங்க. ஓரத்துல கையெழுத்து இருக்கு, பாருங்க. கையெழுத்துப் போட்டவங்கதான் பொறுப்புன்னு அம்மா எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க."

ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் கைதட்டினார்கள். படிக்கட்டில் அழுதார்களே, அந்த மூன்று பேர். பிறகு எல்லோரும் தட்டினார்கள். முன்வரிசையில் பதிவாளரின் வீட்டம்மாவும் எழுந்து நின்று தட்டினாள்.

மறுநாள் அக்கா வழக்கம்போல் வலது தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தபோது கடைநிலை ஊழியர் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். நிலையத்தின் மாண்பைக் குலைத்ததற்காக அவள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று இயக்குநர் கேட்டிருந்தார். மூன்று நாளில் விளக்கம் வேண்டும்.

அக்கா கையைத் துடைத்தாள். ஏட்டுக்கு அடியிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். கடிதத்தின் ஒவ்வொரு வரிமேலும் ஒற்றைக் கோடு போட்டாள். அடியில் இருப்பது நன்றாகப் படிக்கத் தெரிந்தது. ஓரத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டு, பென்சிலால் 'இயக்குநர்' என்று எழுதி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

அது இன்னும் கையெழுத்தாகி வரவில்லை. வருமா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "டாக்டரம்மாவுக்கே பதினொரு வருஷம் ஆச்சு. இவங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும்" என்றாள்.